ஏழு கற்கள் பார்த்த பாதை

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் டிக்கெட் ஜன்னலுக்குள் ஒரு கை வந்து நின்றது. மஞ்சள் பூசிய விரல்கள். மணிக்கட்டில் வேப்பிலை முடிந்த கயிறு.

காலை வண்டி போய்விட்டிருந்தது. டிக்கெட்டில் தேதி குத்தும் இயந்திரத்துக்கு நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே எந்த ஊருக்கு என்று கேட்டேன்.

"நான் எங்கியும் போவல சார். காட்டாண்ட பொட்டிய மாட்டிக்கினு சுத்துவியே, அந்த டிக்கெட்டு சாரு நீதானே?"

நான்தான் என்றேன். ஜன்னலுக்கு வெளியே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். ஈரத் தலை, நெற்றி நிறையக் குங்குமம். நெடுந்தூரம் நடந்து வந்த மூச்சு.

"ஒரு படம் புடிக்கணும். ஆளை இல்ல. வழிய."

கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலைக்கு மனுப் போடச் சின்னப் படம் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒரு பாதையைப் படம் பிடித்துத் தரச் சொல்லி அதுவரை எவரும் என்னிடம் வந்ததில்லை. அத்தனை வருடமும் நான் ஆசைப்பட்டுப் பிடித்ததோ பாதைகளை மட்டும்தான்.

மை கரைந்த உறை

இத்தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர், எல்லாவற்றுக்கும் நாள் கிழமை சொல்கிறீர்களே, அலுக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். பிழைப்பே தேதி குத்துவதாக இருந்தவனுக்கு அது அலுக்காது. என் நெகடிவ்கள் ஒவ்வொன்றும் தனி உறையில் இருக்கும். மேலே நாள், நேரம், வெயிலின் திசை.

இந்த ஒரு உறையில் மட்டும் மழை இறங்கி மை கரைந்துவிட்டது. ஆகவே இந்த வாரம் வாசகருக்கு நிம்மதி. தை மாதத்து வெள்ளிக்கிழமைகள் என்பது உறுதி. எழுபதுகளின் தொடக்கம் என்பதும் உறுதி. தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்து எல்லைக்கல் நட்டிருந்தார்கள். ஆலைப் புகை இன்னும் எழவில்லை. அதற்கு மேல் சொன்னால் கற்பனையாகிவிடும்.

ஆள் இல்லாத பாதைகள்

அறுபதுகளில் நான் திருவள்ளூரில் வேலை பார்த்தபோது இந்தப் பித்து பிடித்தது. பழைய கேமரா ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தேன். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண்கள். மேல் மூடியைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லில் உலகம் தெரியும், இடம் வலம் மாறி.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த காதர் பாய்தான் என் பிலிம்களைக் கழுவித் தருவார். நான் காட்டுப் பாதைகளைப் படம் பிடிப்பது முதலில் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அவரே எனக்குச் சட்டம் போட ஆரம்பித்தார். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பாதையில் ஆள் வரக்கூடாது.

"ஆள் வந்துட்டா அது ஆள் படம், சாமி. பாதை படம் இல்ல. ஒரு ஆடு குறுக்க வந்தா கூட ஆட்டுப் படம்தான்."

அதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். விறகுக் கட்டோடு வருகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் கடந்துபோகும்வரை மூடியைச் சாத்திவிட்டு நிற்பேன். தூசி அடங்க வேண்டும். அதற்குள் மேகம் வரும், வெளிச்சம் போய்விடும். வெறுங்கையோடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகள் ஏராளம்.

கறுப்பு வெள்ளைக்குக் காடு எளிதில் அகப்படாது. கண்ணுக்குப் பல பச்சையாகத் தெரிவதெல்லாம் படத்தில் ஒரே சாம்பலாகிவிடும். களாச்செடி எது, காரைச்செடி எது என்று தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் இலைக்கு விளிம்பு வரும், மண்ணில் மாட்டின் குளம்புத்தடம் குழியாக எழும். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடிக்கப் பழகினேன். பழகியபின் தெருவில் போகும்போதுகூட நிறம் தெரியாமல் போயிற்று. என் மனைவி புதுப் புடவை கட்டி வந்து எப்படி என்று கேட்டால், நிழல் நன்றாக விழுகிறது என்பேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

ஒருமுறை திருவாலங்காட்டுக்குப் போனேன். பேய்கள் கூட்டமாக ஆடிய ஆலங்காடு என்று படித்திருந்தேன். ரயிலைவிட்டு இறங்கிக் காட்டைத் தேடினேன். நெல் வயல், கரும்பு, மாட்டு வண்டித் தடம். காடு எங்கே என்று ஒருவரைக் கேட்டேன். இதுதான் சார் காடு, நீ நின்னுக்கினு கீறது, என்றார் அவர், வரப்பைக் காட்டி. மரம் ஒன்றுகூட இல்லை. ஊரின் பெயரில் மட்டும் காடு தங்கியிருந்தது. பிலிமைத் தொடாமல் அடுத்த வண்டியில் திரும்பினேன். அதன்பிறகுதான் எனக்கு ஒரு பதற்றம் வந்தது. நின்றுகொண்டிருக்கும் காட்டைப் பிடித்துவைத்துவிட வேண்டும் என்று.

பின்னால் நடக்கும் ஊர்

ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்ணின் பெயர் கங்கம்மா. நிலையத்துக்குக் கிழக்கே ஒரு புதர்க்காடும், அதற்குள் கன்னிமார் தோப்பும் இருந்தன. ஏழு கற்கள். கூரை கிடையாது. கங்கம்மாதான் பூசாரி. ஏழு பேர் என்றாலும் அவள் பேச்சில் எப்போதும் ஒருமைதான். 'அவ' என்பாள். நடுக்கல்லுக்கு மட்டும் 'பெரியவ' என்று தனிப் பெயர்.

தோப்பு, தொழிற்பேட்டை எல்லைக்குள் விழுந்துவிட்டது. பொங்கல் கழித்து மரங்களைத் தள்ளும் இயந்திரம் வந்து, காட்டை வெளிப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தது. கற்களை எடுத்துப்போய் வைத்துக்கொள்ள ஊரின் புதுக் குடியிருப்பில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். எடுத்துப்போவதில் யாருக்கும் மறுப்பில்லை.

ஆனால் பெரியவள் உத்தரவு தர வேண்டும். நனைந்த அரளிப் பூ ஒன்றைப் பெரியவளின் தலையில் ஒட்டவைத்துக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கேட்டாயிற்று. இரண்டு முறையும் பூ எந்தப் பக்கமும் விழவில்லை. அங்கேயே வாடிக் கிடந்தது. மூன்று முறைக்கு மேல் கேட்கும் வழக்கம் இல்லை.

கங்கம்மாவின் தம்பி தேவராஜ் அந்தக் காடு வெட்டும் குத்தகைக்காரரிடமே வேலை பார்த்தான். பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விடலாம் அக்கா, கல்லுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டான். அதை என்னிடம் சொல்லிவிட்டுக் கங்கம்மா மணிக்கட்டுக் கயிற்றை இறுக்கிக்கொண்டாள்.

"வரேன்னு அவ சொல்லாம தூக்கினா, அது பொணம் தூக்கறா மாதிரி நைனா."

சம்மதம் வராவிட்டால் கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இயந்திரம் ஏறிப் போகும். கங்கம்மா தடுக்கவும் மாட்டாள். அதைத்தான் அவள் இரவெல்லாம் யோசித்திருக்கிறாள். யோசித்ததில், பெரியவள் எதை விட்டு வர மனமில்லாமல் இருக்கிறாள் என்று புரிந்ததாம். கல்லைத் தூக்கலாம், சூலத்தைப் பிடுங்கலாம், மண்ணைக்கூட அள்ளிக்கொள்ளலாம். வழியை எப்படி எடுத்துப்போவது? அதற்குத்தான் என்னிடம் வந்திருந்தாள். அந்தப் படத்தைப் புது இடத்தில் கற்களுக்கு எதிரில் மாட்ட வேண்டும். அதைக் காட்டிவிட்டுத்தான் மூன்றாம் முறை கேட்பாள்.

அந்தப் பாதையை நான் முன்பே பிடித்திருந்தேன். காடு வளைந்து உள்ளே போகும் இடத்தில், ஒரு நாவல் மரத்தடியில் நின்று எடுத்தது. நான் எடுத்தவற்றில் நல்ல படங்களுள் ஒன்று. ஆளில்லாத பாதை தோப்பின் இருட்டுக்குள் நேராகப் போய் மறையும். மறுநாளே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அழகாயிருக்கிறது என்று சொல்லத்தான் செய்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது நாங்க போற வழி சார். அவ பாக்குற வழி இல்ல."

கற்கள் கிழக்கே பார்த்திருந்தன. தோப்பிலிருந்து நாவல் மரம்வரை பாதை அவற்றின் எதிரில் விரிந்து கிடந்தது. கங்கம்மா கேட்டது கற்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் பாதையை.

சரி, அங்கேயே நின்று எடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அங்கே எவரும் கற்களுக்கு முதுகு காட்டுவதில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, முகத்தைக் கற்களின் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் அடியெடுத்து வைத்து, நாவல் மர வளைவுவரை வருவார்கள். அங்கே வந்தபின்தான் திரும்பலாம். ஊரே அப்படித்தான் நடந்தது. எந்த வேர் எங்கே தடுக்கும் என்பது குதிகாலுக்குத் தெரியும்.

கங்கம்மா தடா பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் தடவை பின்னால் நடந்தபோது பட்டுப்புடவையோடு மல்லாக்க விழுந்தாளாம். ஊர் சிரித்தது. மாமியார் மட்டும், அவ இவளைப் புடிச்சி இழுத்துட்டா, இனிமே இவதான் பூசாரி, என்றுவிட்டாராம். தடுக்கி விழுந்ததில் கிடைத்த உத்தியோகம் என்று தேவராஜ் கேலி செய்வான்.

அவள் போனபிறகு நான் தேதி இயந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அத்தனை தலைமுறையாக அந்த ஊர் அந்தப் பாதையில் நடந்திருக்கிறது. அந்தப் பக்கமிருந்து அந்தப் பாதையை ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

வரிசையின் முனையில்

என் கேமராவில் மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. ஆகவே கண்கள் ஒரு திசையிலும் ஆள் வேறு திசையிலும் இருக்கலாம். அதைக் கங்கம்மாவுக்கு நிலையத்து மேடையில் வைத்தே செய்து காட்டினேன். கேமரா தண்டவாளத்தைப் பார்த்தது, நான் அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் குனிந்து கண்ணாடிச் சில்லைப் பார்த்தாள். உள்ளே ஒரு கூட்ஸ் வண்டி தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன். செருப்பை நாவல் மரத்தடியில் விட்டேன். உள்ளே காற்று வேறாக இருந்தது. விழுந்து மக்கிய இலையின் வாசனை, எங்கோ ஒரு செம்போத்தின் குரல். மரங்கள் மேலே கூடி, கீழே பாதை மட்டும் வெளுப்பாகக் கிடந்தது.

கற்கள் ஒரே வரிசையில், முழங்கால் உயரத்துக்கும் குறைவாக நின்றன. வரிசையின் தெற்கு முனையில், கடைசிக் கல்லுக்கு அப்பால், வடக்கே பார்த்து மண்டியிட்டேன். என் முகம் கற்களின் பக்கம். எனக்கும் கடைசிக் கல்லுக்கும் நடுவே தரையில் கேமரா. அதன் கண்கள் மட்டும் கிழக்கே. கூடவந்த தேவராஜ் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டான்.

"பொட்டிக்கு முதுகு எந்தப் பக்கம் சார்?"

கங்கம்மா சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி என்று அவளுக்குப் பட்டது. குனிந்து கேமராவைப் பார்த்தாள், கற்களைப் பார்த்தாள். கேமராவும் வரிசையில்தான் இருக்கிறது, கல்லுக்கு எது முதுகோ அதுதான் அதற்கும் முதுகு என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு ஊரைக் கூட்டிவரப் போனாள். அவளும் பின்னாலேயே நடந்து போனாள், ஒருமுறைகூடத் தடுக்காமல்.

பாதை மட்டும் போதும் என்று நான் சொல்லிப் பார்த்திருந்தேன். காதர் பாயின் சட்டம். கங்கம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வராத வழியை அவ என்றைக்குப் பார்த்தாள் என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன்.

நாவல் மரத்துக்குப் பின்னால் சூரியன் எழும்பியிருந்தது. என் சட்டப்படி அது இருக்கக்கூடாத இடம். இலைகளின் விளிம்பெல்லாம் வெள்ளியாக எரிந்தன. புகைபோல ஒளி சாய்ந்து இறங்கியது. பாதை என் பக்கம் வரவர அகன்றது. அதுவரை நான் எடுத்த பாதைகள் எல்லாம் போகப்போகக் குறுகி மறைபவை. இது எங்கோ ஓர் ஊசிமுனையில் தொடங்கி, வந்துகொண்டே இருந்தது.

பிறகு வளைவில் பம்பைச் சத்தம் கேட்டது. ஆட்களுக்கு முன்னால் அவர்கள் நிழல்கள் வந்தன. நீளமான, மெல்லிய நிழல்கள் மண்ணில் வழுக்கிக்கொண்டு வந்து, கற்களின் பாதத்தைத் தொட்டன. அதற்கப்புறம்தான் ஆட்கள் தெரிந்தார்கள். தலையில் பொங்கல் பானை, கையில் வேப்பிலை, இடுப்பில் குழந்தை. கல்லின் உயரத்திலிருந்து பார்த்ததால் ஒவ்வொருவரும் மரம்போல உயர்ந்திருந்தார்கள். முன்னால் கங்கம்மா. எவர் முகத்திலும் கேமராவுக்கு முன்னால் வரும் விறைப்பு இல்லை. அவர்கள் என்னைப் பார்த்து வரவில்லை. பெரியவளைப் பார்த்து வந்தார்கள்.

ஒரு கையால் கேமராவின் கண்ணில் வெயில் படாமல் நிழல் பிடித்துக்கொண்டு, மறு கையால் விசையை அழுத்தினேன். பாதையின் மறுமுனையிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பும்போது நானும் பின்னால்தான் நடந்தேன். தேவராஜ் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மாட்டை வண்டியில் பூட்டுகிறவன்போல, இப்பால, அப்பால என்று சொல்லி என்னை வளைவில் கொண்டுவந்து சேர்த்தான்.

காதர் பாயின் கேள்வி

கழுவிய பிலிமைத் திருவள்ளூரில் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்ததும் காதர் பாய் முகம் சுளித்தார்.

"இன்னா சாமி இது, சூரியனுக்கு நேரா புடிச்சிருக்கே. பாதைல இம்மாம் ஜனம் வேற. பேஜாரா கீதே."

பெரிதாக அச்சுப் போடச் சொன்னேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தாளைத் தட்டில் அமிழ்த்தி அசைத்தார். முதலில் எழுந்தவை நிழல்கள்தான். வெள்ளைத் தாளின் அடிவிளிம்பிலிருந்து கறுப்புக் கோடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. பிறகு மரங்கள், பானைகள், கடைசியாக முகங்கள்.

எங்கே நின்று எடுத்தாய் என்று பிறகு மெதுவாகக் கேட்டார். சொன்னேன். தாளைத் தண்ணீரில் மாற்றிவிட்டு ஈரக் கையோடு நின்றார். அந்த அச்சுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். காசு வேண்டாம் என்று தலையை அசைத்தார். கண்ணாடி போட்டு, கறுப்புச் சட்டம் அடித்து, அவரே ரயிலில் ஏற்றிவிட்டார்.

மூன்றாம் முறை

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இயந்திரம் நாவல் மரத்துக்கு அந்தப் பக்கம்வரை வந்துவிட்டது. அன்று காலை அது நிறுத்தப்பட்டிருந்தது. ஓட்டுநரிடம் தேவராஜ் சொல்லி வாங்கிய ஒரு காலைப்பொழுது அது.

படத்தைக் கங்கம்மா முதலில் தானே பார்த்தாள். முன்னால் வருவது யார் என்று என்னைக் கேட்டாள். நீதான் என்றேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அதில் தூசி இல்லாதபோதும்.

கற்களுக்கு எதிரில் ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்துப் படத்தைச் சாய்த்து வைத்தாள். பூவை நனைத்துப் பெரியவளின் தலையில் ஒட்டினாள். பம்பையை நிறுத்தச் சொன்னாள். அருள் வந்தவளைப்போல அல்ல, வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"பாரு. நீ பாத்துக்கினு இருந்த வழி. இத்த எடுத்துக்கினுதான் போறோம். அங்கியும் உன் எதுர்லயே வைப்போம். அங்கியும் இப்டிதான் வருவோம். வர்றியா?"

பூ அசையவில்லை.

வெயில் ஏறியது. குழந்தை ஒன்று அழுது அடங்கியது. முதல் இரண்டு முறையும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பூவின் ஈரம் காய்வது எனக்கே தெரிந்தது. தேவராஜ் நெருங்கிவந்து, அக்கா, அவன் வண்டிய எடுத்துடுவான், என்று முணுமுணுத்தான்.

கங்கம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இரு. பாத்துக்கினு இருக்கா."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசையில் பரவியது. பயம் கொஞ்சம் இறங்கியது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பூ நழுவியது. வலப்பக்கம்.

காற்று அடித்ததா என்று பிற்பாடு சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அடித்திருக்கலாம். இலைகளைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. குலவைச் சத்தத்தில் மேலே இருந்த பறவைகளெல்லாம் கிளம்பின. தேவராஜ் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

கற்களைத் தோண்டி எடுத்து, ஆளுக்கொன்றாக ஏந்திக்கொண்டார்கள். பெரியவளைக் கங்கம்மா எடுத்தாள். கல்லின் முகம் வெளியே பார்க்க, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் ஒரு கணம் திகைத்து நின்றார்கள். பின்னால் நடக்கத் தேவையில்லை. கற்கள்தான் முன்னால் இருந்தன. அந்தத் துண்டுப் பாதையில் அந்த ஊர் அன்றுதான் முதன்முறையாகத் திரும்பும்போது முன்னோக்கி நடந்தது. ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்து மரங்களையும் தெரியாத ஊருக்கு வந்தவர்கள்போலப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நாவல் மர வளைவில் கங்கம்மா நின்றாள். அதற்கு அப்பால் காடு இல்லை. வேரோடு புரட்டிய மண், எல்லைக்கற்கள், நிறுத்திவைத்த இயந்திரம், தூரத்தில் ரயில் கைகாட்டி, மிகப் பெரிய ஆகாயம். கல்லைச் சற்றே உயர்த்திப் பிடித்தாள்.

"இதுக்கு அப்பால நீ பாத்ததில்ல. பாரு."

இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். கல் பார்த்து முடிக்கும்வரை அங்கே யாரும் நகரவில்லை.